மொறிஸ் மைனரின் எஸ்.யு. காபரேற்றர்: பிழை பிடிப்பதும் மாற்றிப் பூட்டுவதும்

மொறிஸ் மைனர் ஒன்று இழுக்க மறுத்தாலோ, நின்று நின்று ஓடினாலோ, பெற்றோலை அள்ளிக் குடித்தாலோ எல்லோரும் கை நீட்டுவது காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரைத்தான். கொஞ்ச நாளில் அது கழற்றி ஒரு மூலையில் போடப்பட்டு, அந்த இடத்தில் ஏதோவொரு ஜப்பானியக் காரின் காபரேற்றர் இரும்புத் தகட்டு அடப்ரர் ஒன்றுடன் பூட்டப்பட்டுவிடும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காரோடு வந்த அசல் எஸ்.யு. காபரேற்றரை இப்படி இழந்த மைனர்கள் நிறைய. தேவையில்லாத இழப்பு இது. மூலைக்குப் போனவற்றில் பலவற்றுக்கு ஒரு ஸ்பின்டில் (துரொட்டில் தட்டு திரும்பும் தண்டு), ஒரு ஜெற் (பெற்றோல் வரும் துவாரக் குழாய்), அதற்குள் நிற்கும் ஒரு நீடில், பெற்றோல் வரத்தை அடைக்கும் ஒரு புளோட் வால்வு மாற்றியிருந்தால் போதும். இன்னும் சிலவற்றில் காபரேற்றரில் பிழையே இல்லை. பிழை பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள் இருந்தது, ஜப்பானியக் காபரேற்றர் வந்த பிறகும் அங்கேயே இருக்கிறது.

எந்தக் காருக்கு எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1956இல் வந்த மைனர் 1000இல் 948 சி.சி. எஞ்சின், 1962இன் பிற்பகுதியிலிருந்து 1098 சி.சி. எஞ்சின். 948இன் முற்பட்ட கார்களில் எஸ்.யு. எச்2, பிற்பட்டவற்றில் எச்.எஸ்.2. 1098இல் எச்.எஸ்.2 மட்டுமே. இரண்டுக்கும் வாய் அளவு ஒன்றேகால் அங்குலம். பார்த்தவுடன் பிரித்தறியலாம்: எச்.எஸ்.2இல் புளோட் சேம்பரின் (பெற்றோல் தேங்கும் சிறு கிண்ணத்தின்) அடியிலிருந்து ஜெற்றின் அடிக்கு ஒரு மெல்லிய நைலோன் குழாய் போகும். எச்2இல் அந்தக் குழாய் இல்லை. ஜெற்றைச் சுற்றிக் கோர்க் வளையங்கள் இருக்கும், அவை காய்ந்தால் அடியில் ஒழுகும். இங்கே சொல்வதெல்லாம் எச்.எஸ்.2ஐ வைத்துத்தான். செனித் காபரேற்றர் பூட்டிய ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, அது முற்றிலும் வேறு அமைப்பு.

எஞ்சின் எது என்பதைக் காரின் உடம்பை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். 948 ஆகப் பிறந்த பல கார்களுக்குள் இப்போது 1098 இருக்கிறது. எஞ்சின் இலக்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: 9எம் என்றால் 948, 10எம்.ஏ. என்றால் 1098. இது முக்கியம், ஏனென்றால் 948க்குரிய நீடில் ‘எம்’, 1098க்குரியது ‘ஏ.என்.’. எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய நீடிலையே விட்ட கார்களை எவ்வளவு ரியூன் செய்தாலும், சிலோவில் (மிதிக்காமல் நின்றபடி ஓடும் வேகத்தில்) சரியாக்கினால் ஓட்டத்தில் பிழைக்கும், ஓட்டத்தில் சரியாக்கினால் சிலோவில் பிழைக்கும்.

எஸ்.யு. ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதற்குக் காரணம் அதன் எளிமை. ஸ்கின்னர் சகோதரர்கள் 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த யோசனையேதான் அறுபதுகளின் மைனரிலும் இருக்கிறது. ஒரே ஒரு ஜெற், அதன் துவாரம் 0.090 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.3 மி.மீ. அதற்குள் கூம்பிய நீடில் ஒன்று ஏறி இறங்கும். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப டாஷ்பொட்டுக்குள் (காபரேற்றரின் மேலேயுள்ள குடுவை) இருக்கும் பிஸ்ரன் உயர்கிறது. அதோடு நீடிலும் உயர்ந்து கூடுதல் பெற்றோலை விடுகிறது. சிலோவுக்கென்று தனி ஜெற் இல்லை, பம்ப் ஜெற் இல்லை, தலைமயிர் அளவுத் துவாரங்கள் இல்லை. திடீரென அக்சிலரேற்றரை மிதிக்கும்போது பிஸ்ரன் துள்ளி எழாமல் பிடித்துக்கொள்வது டாஷ்பொட்டின் உச்சியில் பூட்டும் டாம்பர் தண்டைச் சுற்றியிருக்கும் கொஞ்ச ஒயில். அவ்வளவுதான்.

1990களில் பொருளாதாரத் தடையால் வடக்குக்குப் பெற்றோல் வராமல் நின்றபோது, காபரேற்றர் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த ஓட்டத்தைத் தாங்கியதில் இந்த 2.3 மி.மீ. துவாரத்துக்கும் பங்குண்டு. எஞ்சினுக்கு அது நல்லதல்ல. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீராக்கியது, வால்வுகளில் கரி ஏறியது. அக்காலத்தில் நிறுத்திய காரை இப்போது எழுப்புபவர்கள் ஜெற்றுக்குள்ளும் புளோட் சேம்பர் அடியிலும் தவிட்டு நிறப் பிசினை எதிர்பார்க்க வேண்டும். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் நின்ற கார்களிலும் இதே பிசின்தான், நிறம் மட்டும் கொஞ்சம் வெளிர்.

சரி, காபரேற்றரில் கை வைக்குமுன் பார்க்க வேண்டியவை. வால்வு இடைவெளி குளிரில் 0.012 அங்குலம் (0.30 மி.மீ.). டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற்றின் இடைவெளி 0.015 அங்குலம் (0.38 மி.மீ.). பிளக் இடைவெளி 0.025 அங்குலம் (0.64 மி.மீ.). இந்த மூன்றையும் அளந்து சரியாக்காமல் மிக்ஸரை, அதாவது காற்று-பெற்றோல் கலவையை, தொடுவது வீண்வேலை. இறுக்கமான வால்வு ஒன்று சிலோவைக் குழப்பும். அதைக் காபரேற்றர் பிழையென்று நினைத்து நட்டைத் திருப்பத் தொடங்கினால் முடிவே வராது.

பொயின்ற்றோடு சேர்ந்து வேலை செய்யும் கொன்டென்சரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது கிடைக்கும் புதிய கொன்டென்சர்களில் தரமில்லாதவை அதிகம். குளிரில் நன்றாக இருக்கும், இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் மிஸ்ஸிங் தொடங்கும், ஆறினால் மறுபடி சரியாகும். பெற்றோல் சூட்டில் ஆவியாகிறது என்று பலர் காபரேற்றரைச் சுற்றித் துணி சுற்றுவது இதற்குத்தான். வித்தியாசம் இப்படிப் பிடிபடும்: மிஸ்ஸிங் வந்து எஞ்சின் நின்றவுடன் டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, கிக் கொடுக்கும்போது பொயின்ற்றில் மஞ்சளாகப் பெரிய பொறி பறக்கிறதா என்று பாருங்கள். பறந்தால் கொன்டென்சர். நல்ல நிலையில் இருக்கும் பழைய லூக்காஸ் கொன்டென்சர் கையில் இருந்தால் புதியதைவிட அதை நம்பலாம். இன்னொன்று, டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வாக்குவம் குழாய். அதன் முனை றப்பர் வெடித்திருந்தாலோ டயபிரம் கிழிந்திருந்தாலோ அதன் வழியாகக் காற்று இழுக்கும். குழாயின் காபரேற்றர்ப் பக்கத்தைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் உறிஞ்சல் குறையாமல் நாக்கைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் டயபிரம் போய்விட்டது.

அடுத்து பெற்றோல் வரத்து. மைனரின் எஸ்.யு. மின்பம்ப் பொனற்றுக்குள் பின்சுவரில் இருக்கிறது. பின்னாலுள்ள தாங்கியிலிருந்து அவ்வளவு தூரம் உறிஞ்சி இழுக்கிறது. சுவிச் போட்டதும் படபடவென்று அடித்து, சேம்பர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டேயிருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது உறிஞ்சும் பக்கக் குழாயில் காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஈரம் தெரியாது, அதனால் இந்தப் பிழை பலரை ஏமாற்றும். எஞ்சின் ஓடாதபோது சில வினாடிக்கு ஒருமுறை ஒற்றை அடி அடித்தால் புளோட் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். அடிக்கவே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பொயின்ற் கரிந்திருக்கும். பம்பின் உடம்பில் ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்ட ஓடத் தொடங்கினால் அதுதான்.

வரத்தை அளக்கலாம். காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுச் சுவிச் போடுங்கள். ஒரு நிமிடத்தில் அரை லீற்றர் வந்தால் போதுமானது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு, சிகரெற், திறந்த மின்விளக்கு எதுவும் கூடாது. குழாயைக் கழற்றும்போதும் திரும்பப் பூட்டும்போதும் சுவிச் நிறுத்தத்தில் இருக்க வேண்டும்.

பம்ப் மாற்றியவர்கள் கவனிக்க வேண்டியது அழுத்தம். பழைய பம்ப் தருவது ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கன வடிவ மின்பம்புகளில் பல 3 முதல் 5 பி.எஸ்.ஐ. தருபவை. அந்த அழுத்தத்தில் புளோட் வால்வு எவ்வளவு புதிதாக இருந்தாலும் தள்ளித் திறந்து பெற்றோல் வழியும். புது வால்வு, புதுப் புளோட் எல்லாம் போட்டும் வழிகிறது என்றால் பம்பைப் பாருங்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தது பொசிற்றிவ் ஏத் வயரிங்குடன், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனை கார் உடம்போடு பூட்டியிருக்கும். இலத்திரனியல் பம்புகள் பல ஒரு துருவத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. வாங்குமுன் உங்கள் பற்றறியின் எந்த முனை கார் உடம்போடு பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் இனிக் காபரேற்றர். அறிகுறிகளை வைத்து இடத்தைச் சுருக்கலாம். மிதித்ததும் ஒருகணம் விக்கிப் பிறகு எடுக்கிறதா, டாம்பரில் ஒயில் இல்லை. கறுப்புப் புகை, பிளக்குகளில் உலர்ந்த கரி, ஆனால் சோக்கை உள்ளே தள்ளித்தான் இருக்கிறது என்றால் ஜெற் மேலே திரும்பவில்லை. காபரேற்றரின் அடியில் கை விட்டு ஜெற்றை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். ஒரு சிறு அசைவு மேலே போனால் பிழை அங்கேதான், சோக் கேபிள் இறுகியிருக்கும் அல்லது ஜெற் அழுக்கில் ஒட்டியிருக்கும். வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாமல் மூச்சு வாங்கினால் பிஸ்ரன் உயரவில்லை. சிலோ ஒருநாள் கூடுதல், ஒருநாள் குறைவு, நட்டை எங்கே வைத்தாலும் நிலைக்காது என்றால் ஸ்பின்டில் தேய்ந்து பக்கவாட்டால் காற்று வருகிறது.

கடைசிப் பிழைதான் பழைய எஸ்.யு.வில் மிகச் சாதாரணம். சோதனை எளிது. துரொட்டில் மூடிய நிலையில் ஸ்பின்டிலின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் தேய்வு உண்டு. எஞ்சின் சிலோவில் ஓடும்போது ஸ்பின்டில் உடம்புக்குள் நுழையும் இடத்தில் இரண்டு துளி மெல்லிய ஒயில் விடுங்கள். ஓட்டம் மாறினால் சந்தேகமே இல்லை. தீப்பற்றும் ஸ்பிறேயைச் சூடான சைலன்சர்க் குழாய்க்கு மேல் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். மைனரில் காபரேற்றருக்கு நேர் கீழேதான் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் இருக்கிறது.

கழற்றும்போது பற்றறியின் ஒரு முனையை முதலில் எடுத்துவிடுங்கள். எயார் கிளீனர், பெற்றோல் குழாய், வாக்குவம் குழாய், சோக் கேபிள், துரொட்டில் கேபிள், பிறகு மனிபோல்ட்டில் இருக்கும் இரண்டு நட்டுகள். அவற்றுக்கு அரை அங்குல ஸ்பனர் வேண்டும். மெற்றிக் ஸ்பனரில் 13 கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் இறுகியிருக்கும் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். காபரேற்றர் வெளியே வந்ததும் மனிபோல்ட் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

டாஷ்பொட்டையும் காபரேற்றர் உடம்பையும் இணைத்து ஒரு கோடு கீறிவிட்டு ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். டாஷ்பொட்டை நேராக மேலே தூக்க வேண்டும். சரித்தால் நீடில் வளைந்துவிடும். டாஷ்பொட்டும் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று பொருத்தி வந்த சோடி. இரண்டு காபரேற்றர்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது இந்தச் சோடியை மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே துப்புரவு செய்யப் பெற்றோலில் நனைத்த துணி போதும். எமரி, உப்புத்தாள், வயர் பிரஷ் எதுவும் படக்கூடாது. பிஸ்ரனுக்கும் டாஷ்பொட்டுக்கும் இடையில் இருப்பது சில ஆயிரத்திலொரு பங்கு அங்குலம்தான். அந்த இடைவெளியில் ஒயிலும் பூசக்கூடாது. நடுக் கம்பியில் மட்டும் ஒரு துளி.

பிஸ்ரன் ஸ்பிறிங்கின் முனையில் சிவப்புப் பூச்சு இருக்க வேண்டும். அது 4½ அவுன்ஸ் ஸ்பிறிங், மைனருக்கு உரியது. இழுவை கூடும் என்று ஸ்பிறிங்கை இழுத்து நீட்டிய கார்கள் உண்டு. நீட்டிய ஸ்பிறிங் பிஸ்ரனைக் கீழே அழுத்துகிறது. காற்று போகும் வழி குறுகி, ஜெற்றின் மேலே உறிஞ்சல் கூடி, எல்லா வேகத்திலும் மிக்ஸர் றிச் ஆகிறது, அதாவது பெற்றோல் கூடிவிடுகிறது. ஸ்பிறிங்கில் சந்தேகமென்றால் புதிதாக ஒன்று போடுங்கள்.

இப்போது நீடிலை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டு ஸ்குரூவை இளக்கி இழுத்தால் வரும். அதன் அடித்தண்டில் எழுத்து மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும், பூதக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. எழுத்தைப் பார்த்த பிறகு நீடிலை விரல்களுக்கிடையில் மெதுவாக உருட்டுங்கள். நல்ல நீடில் சுற்றிலும் ஒரே மங்கல் நிறம். ஜெற்றோடு உராய்ந்த நீடிலில் ஒரு பக்கத்தில் மட்டும் கூர்நுனியிலிருந்து மேலே ஒரு மினுங்கும் கோடு ஓடும். நகத்தை அதன்மேல் குறுக்கே ஓட்டினால் தட்டையாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால் ஜெற்றின் துவாரமும் அதே பக்கம் நீள்வட்டமாகியிருக்கும். ஆகவே நீடில், ஜெற் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீடிலை மட்டும் மாற்றினால் புதிய நீடில் பழைய ஓவல் துவாரத்துக்குள் ஆடும், சிலோ ஒருபோதும் சுத்தமாக வராது.

ஸ்பின்டிலை எடுக்க, துரொட்டில் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு ஸ்குரூக்களைக் கழற்ற வேண்டும். அவற்றின் நுனி பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். நுனியை முதலில் நெருக்கிவிட்டுத் திருப்புங்கள். தட்டின் விளிம்பு சரிவாக வெட்டப்பட்டது. எந்தப் பக்கம் மேலே, எந்த முகம் எஞ்சினைப் பார்த்தது என்று அடையாளம் வையுங்கள். புது ஸ்பின்டில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உடம்பைவிட ஸ்பின்டில்தான் கூடத் தேய்ந்திருக்கும். அதோடு ஆட்டம் போய்விட்டால் வேலை முடிந்தது. போகவில்லையென்றால் காபரேற்றர் உடம்பு கடைசல் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு பக்கத் துவாரத்தையும் ஒரே நேர்கோட்டில், ஒரே போக்கில் றீமர் செய்து (துளையைப் பெருப்பித்து) புஷ் (உள்வளையம்) அடிக்கும்படி சொல்லுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் ஸ்பின்டில் இறுகி, துரொட்டில் திரும்பி மூடாது. 0.010 அங்குலம் தடித்த ஸ்பின்டில்களும் விற்கிறார்கள், அதற்கும் றீமர் வேண்டும். தட்டைத் திரும்பப் பூட்டும்போது ஸ்குரூக்களை மெதுவாக இறுக்கி, துரொட்டிலை இரண்டு மூன்று தரம் அறைந்து மூடினால் தட்டு தானே நடுவில் அமரும், பிறகு இறுக்குங்கள். புது ஸ்குரூ போட்டு நுனியை விரித்துவிடுங்கள். கழன்று விழுந்தால் அது நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

உடம்பு வெடித்தோ, பல தரம் துளைத்துக் கெட்டோ போயிருந்தால்தான் முழுதாக மாற்ற வேண்டும். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய எச்.எஸ்.2கள் தேடினால் அகப்படும். அதே உடம்பு வேறு பிரித்தானியக் கார்களிலும் வந்தது, ஆகவே நீடில், ஸ்பிறிங் இரண்டையும் மாற்றாமல் பூட்டக்கூடாது. இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் உள்ள பேர்லன் நிறுவனம் எஸ்.யு. காபரேற்றர்களையும் உதிரிகளையும் இப்போதும் செய்கிறது. முழுக் காபரேற்றரை வரவழைப்பதைவிட ஸ்பின்டில், ஜெற், நீடில், புளோட் வால்வு, காஸ்கற் செற் வரவழைப்பது எவ்வளவோ மலிவு.

ஜப்பானியக் காபரேற்றர் பற்றி ஒரு வார்த்தை. அது கெட்ட பொருளல்ல. ஆனால் அதன் ஜெற்றுகள் வேறோர் எஞ்சினின் மூச்சுக்கு அளந்து போட்டவை. மேலிருந்து கீழே ஊதும் அமைப்பை, பக்கவாட்டில் வாய் திறந்திருக்கும் மனிபோல்ட்டோடு வளைவுத் துண்டு வைத்துச் சேர்க்கும்போது அந்த வளைவில் பெற்றோல் துளிகள் சுவரில் படிந்து ஓடும். குளிர் ஸ்ராட் மோசமாகும், செலவு கூடும். ஜெற் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரியாக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியைச் செலவழித்தால் எஸ்.யு. புதிது போல ஓடும்.

திரும்பப் பூட்டும்போது புளோட் மட்டம் முதலில். சேம்பர் மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் புளோட்டின் நிறையில் வால்வு மூடியிருக்கும். அந்த நிலையில் புளோட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் 1/8 முதல் 3/16 அங்குலம் (3.2 முதல் 4.8 மி.மீ.) வேண்டும். 1/8 அங்குல டிரில் பிற் ஒன்று உராய்ந்து நுழைந்தால் போதும். உலோக நெம்பி உள்ள புளோட் என்றால் நெம்பியை மெதுவாக வளைக்கலாம். முழுக்க நைலோனில் வார்த்த புளோட்டில் வளைக்க எதுவுமில்லை. புளோட்டைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளத்தால் ஓட்டை.

நீடிலின் தோள் பிஸ்ரனின் அடிமுகத்தோடு சமமாக இருக்க வேண்டும், உள்ளே போகவும் கூடாது, வெளியே நிற்கவும் கூடாது. ஜெற்றின் நைலோன் குழாயைச் சேம்பரில் பூட்டும்போது வொஷருக்கு அப்பால் குறைந்தது 3/16 அங்குலம் குழாய் நீண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் இன்றைக்கு ஒழுகாது, ஒரு மாதத்தில் ஒழுகும்.

அடுத்தது ஜெற்றை நடுவில் நிறுத்துவது. அவசரப்பட முடியாத வேலை இதுதான். அடியிலுள்ள சரிசெய் நட்டையும் அதன் ஸ்பிறிங்கையும் கழற்றி, ஸ்பிறிங் இல்லாமல் நட்டை மட்டும் மேல்வரை முறுக்குங்கள். ஜெற் மேலே போய் முட்டி நிற்கட்டும். அதற்கு மேலேயுள்ள பெரிய பூட்டு நட்டைக் கொஞ்சம் இளக்கினால் ஜெற் தாங்கி விரலால் அசையும். டாம்பரைக் கழற்றிவிட்டு, டாஷ்பொட்டின் மேல் துவாரத்தால் ஒரு பென்சிலை விட்டுப் பிஸ்ரனைக் கீழே அழுத்துங்கள். நீடில் தானே ஜெற்றை நடுவுக்கு இழுக்கும். அழுத்தியபடியே பெரிய நட்டை இறுக்குங்கள். இப்போது பிஸ்ரனைத் தூக்கி விட வேண்டும். அது தடையில்லாமல் விழுந்து அடிப்பாலத்தில் (ஜெற்றைச் சுற்றியுள்ள மேடையில்) ‘டக்’ என்று தெளிவான உலோகச் சத்தத்துடன் இருக்க வேண்டும். பிறகு ஜெற்றை முழுக்கக் கீழே இறக்கி மறுபடி விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. ஜெற் கீழே இருக்கும்போது மட்டும் சத்தம் கூர்மையாக, மேலே இருக்கும்போது மந்தமாக இருந்தால் நீடில் இன்னும் உரசுகிறது, திரும்பச் செய்யுங்கள். அறுபதுகளின் கடைசிக்குப் பிறகு வந்த ஸ்பிறிங் வைத்த நீடில் பூட்டிய காபரேற்றர்களுக்கு இந்த வேலை இல்லை. அவற்றில் நீடில் ஒரு பக்கம் சாய்ந்து உரசுவதற்கென்றே செய்யப்பட்டது.

ஸ்பிறிங்கையும் நட்டையும் சேர்த்துப் பூட்டி, ஜெற்றின் மேல்முகம் பாலத்தோடு சமமாக வரும்வரை ஏற்றுங்கள். அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு முகம், கீழே இறக்குங்கள். ஸ்ராட் செய்ய இது போதும். டாம்பருக்கு எஸ்.ஏ.ஈ. 20 ஒயில். டாம்பரை இறக்கும்போது மூடி கழுத்திலிருந்து கால் அங்குல உயரத்தில் இருக்கையில் தடை உணரப்பட வேண்டும், அதுதான் சரியான அளவு. 20W-50 ஊற்றினால் எடுக்கும்போது றிச் ஆகும். தையல் மெசின் ஒயில் ஊற்றினால் விக்கும்.

மனிபோல்ட்டின் முகத்தில் பழைய காஸ்கற்றைச் சுரண்டி எடுத்து, நேர்விளிம்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். காபரேற்றரின் காது வளைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் காற்றுப் புகும். இறுக்க இறுக்க இன்னும் வளையும். வெப்பம் தடுக்கும் தடித்த துண்டு இருந்தால் அதன் இரு பக்கமும் புதிய காஸ்கற். அந்தத் துண்டை வேண்டாத பொருளென்று எடுத்து வீசியிருந்தால் திரும்பப் போடுங்கள். நம் ஊர் வெயிலில் காரை நிறுத்திப் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்ராட் செய்ய மறுப்பதற்கு அது இல்லாததே பெரிய காரணம்.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகே ரியூனிங். எயார் கிளீனர் பூட்டியிருக்கட்டும். சிலோ ஸ்குரூவால் நிமிடத்துக்கு 600 முதல் 700 சுற்று அளவுக்கு வையுங்கள். பாஸ்ற் ஐடில் ஸ்குரூ (சோக் இழுக்கும்போது வேகத்தைக் கூட்டும் ஸ்குரூ) சோக் கேமைத் தொடக்கூடாது. இனி நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத் திருப்புங்கள்: மேலே போனால் மெலியும், கீழே வந்தால் றிச். வேகம் அதிகமாக, ஓட்டம் சமமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, வேகம் விழத் தொடங்கும்வரை மேலே ஏற்றி, ஒரு முகம் திரும்ப இறக்குங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஜெற்றை விரலால் மேலே அழுத்தி உறுதிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் நட்டு ஏறும், ஜெற் ஏறாது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் றேஸ் பண்ணி மனிபோல்ட்டைத் துடைத்துவிடுங்கள்.

பரிசோதிக்க உடம்பின் பக்கத்திலுள்ள தூக்கு ஊசியால் பிஸ்ரனை 1/32 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக, உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் றிச். உடனே விழுந்து நிற்கப்போனால் மெலிவு. கணநேரம் சற்றுக் கூடிப் பழைய வேகத்துக்கு வந்தால் அதுதான் இடம். ஊசியை அதிகமாகத் தள்ளினால் எந்த எஞ்சினும் நிற்கும். அதை வைத்து மெலிவு என்று முடிவு கட்டாதீர்கள்.

சோக் கேபிளைப் பூட்டும்போது 1/16 அங்குலத் தளர்வு விடுங்கள். பிறகு பாஸ்ற் ஐடில் ஸ்குரூவுக்கும் கேமுக்கும் இடையில் 0.015 அங்குலம், பொயின்ற் அளக்கும் அதே தகடு போதும்.

இருநூறு முந்நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மனிபோல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், புதிய காஸ்கற் அழுந்தித் தளர்ந்திருக்கும். புளோட் சேம்பரைத் திறந்து அடியில் துருத் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய தாங்கி என்றால் விழுந்திருக்கும், அப்போது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு பில்டர் வேண்டும். கடைசியாக, சேம்பர் மூடியிலிருந்து வரும் ஓவபுளோ குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று கீழே குனிந்து பாருங்கள். அது எக்ஸோஸ்ற் மனிபோல்ட்டைத் தாண்டி, சைலன்சர்க் குழாய்க்கு விலகி, நிலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழாயே இல்லாமல் ஓடும் மைனர்கள் பல. புளோட் வால்வில் ஒரு துரும்பு சிக்கினால் அவற்றில் பெற்றோல் விழுவது நேரே சிவந்த இரும்பின்மேல்.